சுருட்டை முடிக்கு எந்த நீச்சல் தொப்பி?

மாரி தொடங்கிவிட்டால் நிலாவெளிக் கடலில் இறங்க முடியாது. வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையில் நீந்த ஆசைப்படுபவருக்கு மிஞ்சுவது விடுதிகளின் நீச்சல் தடாகங்கள்தான். கடல் உப்பென்றால் கிணற்றடியில் நாலு வாளி வார்த்தால் போய்விடும். குளோரின் அப்படியல்ல. அது முடியோடு வினைபுரிந்து முடித்த பிறகு எத்தனை வாளி வார்த்தும் கெட்டது கெட்டதுதான்.

தடாகத் தண்ணீரில் வழக்கமாக லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லும் அதே வேதிவினைதான் முடியின் எண்ணெய்ப் பசையை உரிக்கிறது, புரதத்தை அரிக்கிறது, நிறத்தை வெளிறச் செய்கிறது. நேர்முடியில் தலையில் ஊறும் எண்ணெய் நுனிவரை வழிந்துவிடும். சுருட்டை முடியில் அது வளைவுகளைத் தாண்டி இறங்குவது கடினம், ஆகவே நுனி எப்போதும் வறண்டே கிடக்கும். அந்த வறட்சியின் மேல்தான் குளோரினும் ஏறுகிறது.

என் முடி தோளுக்குக் கீழே இறங்கும் அடர்ந்த சுருட்டை. சந்தையிலுள்ள நான்கு வகைத் தொப்பிகளையும் உப்புவெளி விடுதியொன்றின் தடாகத்தில் மாற்றி மாற்றிப் போட்டு நீந்தினேன்.

துணித் தொப்பி

லைக்ரா துணியாலானது. போடுவதும் கழற்றுவதும் சுகம், முடியை இழுக்காது. ஆனால் தண்ணீர் தாராளமாக உள்ளே வந்து போகும். முடி முகத்தில் விழாமல் கட்டிவைப்பதைத் தவிர வேறு பாதுகாப்பை இதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

றப்பர்த் தொப்பி

மலிவானது, மெல்லியது, தலையை இறுக்கிப் பிடிக்கும். சுருட்டை முடிக்கு அந்தப் பிடிதான் வினை. கழற்றும்போது காதோரத்துச் சிறு முடிகள் தொப்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தன. இன்னொரு குறை, எண்ணெய்க்கும் இயற்கை றப்பருக்கும் ஆகாது. தேங்காய் எண்ணெய் பூசிய தலையில் போட்டுவந்தால் றப்பர் இளகிக் கிழியும். றப்பர் ஒவ்வாமை உள்ளவர்களும் விலக்க வேண்டியது இது.

சாதாரணச் சிலிக்கோன் தொப்பி

தடிப்பானது, வழுவழுப்பானது, நன்றாக இழுபடும். எண்ணெய் பட்டாலும் கெடாது. குட்டை முடிக்காரர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். என் தலையிலோ, கொண்டையை உள்ளே திணித்ததும் பிடரிப் பக்கம் மேலேறத் தொடங்கியது. இரண்டு சுற்று நீந்துவதற்குள் நெற்றிக்கு வந்துவிட்டது. பழுது சிலிக்கோனில் இல்லை. முடி தலையோடு படிந்துகிடக்கும் என்ற கணக்கில் வெட்டிய அளவு அது.

பெரிய அளவுச் சிலிக்கோன் தொப்பி

இந்த அளவுக் கணக்கு ஒலிம்பிக் வரை போன வழக்கு. அடர்ந்த சுருட்டை, சடை, பின்னல் எல்லாம் அடங்கும்படி பெரிய தொப்பிகளைச் செய்வது சோல் கேப் என்ற பிரித்தானிய நிறுவனம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன் சர்வதேச நீச்சல் சம்மேளனம் அந்தத் தொப்பிக்கு அனுமதி மறுத்தது. தலையின் இயல்பான வடிவத்தை அது பின்பற்றவில்லையாம்! எதிர்ப்பு வலுத்தது. அதே ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்காக நீந்திய முதல் கறுப்பினப் பெண்ணான அலிஸ் டியரிங்கும் அந்தத் தொப்பியோடு தொடர்புடையவர். 2022 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது.

நான் போட்டுப் பார்த்தது இந்த வகையில் ஒன்று. கொண்டை முழுதாக அடங்கியது, பிடரியில் நகரவில்லை, நெற்றியிலும் அழுத்தவில்லை. குறையும் உண்டு. உள்ளே காற்று தங்கினால் முக்குளிக்கும்போது பின்பக்கம் ஊதிக்கொண்டு நிற்கும். போட்டவுடன் உள்ளங்கையால் முன்னிருந்து பின்னாக அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவும் வரியும் சேர்ந்து விலை ஏறும்.

தண்ணீர் புகாத தொப்பி உண்டா?

இல்லை. நான்கிலும் பிடரி நனைந்தது. தடாகத்தில் குளோரின் பார்க்கும் சோதனைத்தாளைத் தொப்பிக்குள்ளிருந்து பிழிந்த தண்ணீரில் தோய்த்தேன். நிறம் மிக வெளிறலாக வந்தது. அதை வெற்றியென்று எடுத்துக்கொள்ள முடியாது. தொப்பியே போடாமல் நனைத்த முடியைப் பிழிந்தபோதும் நிறம் வெளிறியே இருந்தது. காரணம், குளோரினை முடியே தின்றுவிடுகிறது. மிச்சத்தைத்தான் தாள் காட்டுகிறது.

எனவே தொப்பியின் உண்மையான வேலை, நாம் முன்கூட்டியே முடிக்குள் ஏற்றிவைத்ததைக் கலையாமல் காப்பது. முடி தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தண்ணீரை உறிஞ்சக்கூடியது. நல்ல தண்ணீரால் அதை முதலிலேயே நிரப்பிவிட்டால் குளோரின் தண்ணீருக்கு இடம் குறையும். உவர்க் கிணறுள்ள வீட்டார் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

அதன்மேல் தேங்காய் எண்ணெய். அது முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று மும்பை ஆய்வாளர்கள் ரேலே, மோஹிலே இருவரும் 2003இல் எழுதினார்கள். எண்ணெய் விற்கும் மரிக்கோ நிறுவனத்தில் செய்த ஆய்வு என்பதையும், தடாகத் தண்ணீரை வைத்துச் செய்த சோதனையல்ல என்பதையும் சேர்த்தே படியுங்கள். என் அனுபவத்தில் சிக்கெடுப்பது தெளிவாகவே எளிதானது. நுனிப் பாதியில் சில துளி போதும். வழிய வழியப் பூசினால் தடாகத்தின் ஓரத்தில் படலம் கட்டும், வடிகட்டியும் அடைக்கும்.

ஏறியதும் உடனே அலசவேண்டும். பாமசியில் கிடைக்கும் விட்டமின் சி குளிகையொன்றைக் குவளைத் தண்ணீரில் கரைத்து முடியில் ஊற்றினால் எஞ்சிய குளோரின் அற்றுப்போகும். தடாகத் தண்ணீரில் அதைக் கலந்துவிட்டுத் தாளைத் தோய்த்துப் பாருங்கள், நிறமே ஏறாது. பிறகு கண்டிஷனர் பூசி, பெரிய பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுக்கலாம்.

தீர்ப்பு

குட்டைச் சுருட்டைக்குச் சாதாரணச் சிலிக்கோன். தோளைத் தாண்டிய அடர்ந்த முடிக்கும் பின்னலுக்கும் பெரிய அளவு, விலை கூடினாலும் அதுவே தகும். துணித் தொப்பியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். றப்பர் வேண்டவே வேண்டாம். பெரிய தொப்பிக்குக் காசு சேரும்வரை, நல்ல தண்ணீரும் நாலு துளி எண்ணெயும் சாதாரணச் சிலிக்கோனுக்குள் தளர்ந்த பின்னலுமாகச் சமாளிக்கலாம். இவற்றில் முதல் இரண்டையும் செய்யாதவருக்கு எவ்வளவு விலையுள்ள தொப்பியும் உதவாது.