ஊர்ப்பெயர் மாற்றமும் வரலாற்றுச் சான்றும்

ஊர்ப்பெயர் நிலத்தைச் சுட்டும் வெறுங்குறியன்று. அவ்வூரில் வாழ்ந்தோர் எதனைக் கண்டனர், எதனைப் போற்றினர், யாவர் ஆட்சிக்கு உட்பட்டனர் என்பவற்றைச் சுருக்கி வைத்திருக்கும் ஆவணம் அது. ஆதலின் சமயத்தொடர்புடைய ஊரின் பெயரை மாற்றுங்கால் எழும் பூசலில், உணர்ச்சியை ஒதுக்கிச் சான்றினை நாடுதல் ஆராய்ச்சியாளர் கடனாகும்.

2018 அக்டோபரில் உத்தரப்பிரதேச அரசு அலகாபாத் நகரின் பெயரைப் பிரயாக்ராஜ் என மாற்றியது. ஆதரிப்போர், இது மாற்றமன்று, பழம்பெயரின் மீட்சியே என்பர். மறுப்போர், நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிய பெயரை நீக்குவது வரலாற்றையே அழிப்பதாகும் என்பர். இவ்விரு கூற்றும் எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

கங்கையும் யமுனையும் கூடுமிடத்திற்குப் பிரயாகை என்னும் பெயர் மிகப் பழைமையானது. கி.பி. 7-ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங் அவ்விடத்தை அப்பெயராலேயே குறித்துள்ளார். அக்பர் 1583-இல் அங்குக் கோட்டை எழுப்பத் தொடங்கி, இலாகாபாஸ் எனப் பெயரிட்டார். அதுவே பின்னர் அலகாபாத் என வழங்கலாயிற்று. ஆகவே பழம்பெயர் என்னும் கூற்று மெய்யே. ஆயினும் மீட்சி என்னும் முடிவு அதனின்று பெறப்படுமாறில்லை. பிரயாகை நீராடுதுறையின் பெயர். அலகாபாத் கோட்டையைச் சார்ந்து வளர்ந்த நகரின் பெயர். பின்னது தோன்றிய பின்னும் முன்னது மறைந்திலது. நீராடச் செல்வோர் நாவில் அது வாழ்ந்தே வந்தது. இழவாத ஒன்றை மீட்டல் எங்ஙனம்?

மறுப்போர் கூற்றும் குறையுடைத்தே. அரசன் ஆணையால் பெயர் சூட்டுதல் அக்பர் காலத்தும் நிகழ்ந்ததே. மேலும் உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் அலகாபாத் என்னும் பெயரோடே இன்றும் விளங்குகின்றன. எனவே அப்பெயர் முற்றும் அழிந்ததெனல் மிகைக்கூற்றாம்.

இவ்வழக்கிற்கு ஏற்ற சான்று அக்கோட்டையினுள்ளேயே நிற்கின்றது. ஆங்குள்ள கற்றூணில் அசோகன் ஆணைகள் உள்ளன. அவற்றின்கீழ் அரிசேனன் பாடிய சமுத்திரகுப்தன் மெய்ப்புகழ் பொறிக்கப்பட்டுள்ளது. காஞ்சியை ஆண்ட விஷ்ணுகோபனைக் குறிப்பதால், பல்லவர் வரலாறு கற்கும் நமக்கும் இக்கல்வெட்டு இன்றியமையாததாகின்றது. சமுத்திரகுப்தன் எழுத்து முன்னோன் எழுத்தைக் கெடுக்காது அமைந்தது. ஜஹாங்கீர் பொறித்த பாரசீக எழுத்தோ அசோகன் ஆணையின் வரிகள் சிலவற்றைச் சிதைத்துவிட்டது. அவ்வரிகளுக்காக இன்றும் நாம் வருந்துகின்றோம். சேர்த்தெழுதுவோனால் வரலாறு வளர்கின்றது. அழித்தெழுதுவோனால், அவன் எச்சமயத்தானாயினும், குறைகின்றது. இவ்வுண்மை அன்று கல்லுக்குப் பொருந்தியவாறே இன்று பெயருக்கும் பொருந்தும்.

அங்ஙனமாயின் பெயர்மாற்றம் யாவும் தகாதனவோ எனின், அற்றன்று. மாயூரம் என வழங்கிய ஊர் 1982-இல் மயிலாடுதுறை எனப்பட்டது. சம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிய பெயர் அது. சுட்டுவதும் அதே ஊர். இரு பெயரிலும் மயிலே நிற்கின்றது. அம்மாற்றத்தால் எம்மக்களின் நினைவும் ஒதுக்கப்பட்டிலது. இதனை மீட்சி எனல் பொருந்தும்.

ஆயினும் பழைமை ஒன்றே அளவுகோலாகாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. வேதாரணியம் என்பது மறைக்காடு என்பதன் மொழிபெயர்ப்பு. அம்மறைக்காடும், மரை என்னும் விலங்கு திரிந்த மரைக்காடே எனக் கருதுவார் உளர். அது மெய்யெனக் கொள்ளினும், தேவாரம் போற்றிய மறைக்காட்டைக் கைவிட்டு மரைக்காட்டிற்கு மீளுதல் வேண்டும் எனக் கூறுவார் யார்? பின்னோக்கிச் செல்வோர் எவ்விடத்தில் நிற்பதெனத் தாமே தேர்கின்றனர். அத்தேர்வு வரலாற்றின் ஆணையன்று, தேர்வோர் விருப்பமே. விருப்பத்தை விருப்பமென்றே கூறுதல் நேர்மை; அதனை வரலாறு எனக் கூறுதல் பிழை.

ஆகவே மீட்சி என்று கூறுவோர் மூன்றனை நிறுவுதல் வேண்டும்: பழம்பெயர் அதே ஊரைச் சுட்டியதெனல், அது வழக்கிழந்ததெனல், புதுப்பெயரால் பிறர் வாழ்ந்த வரலாறு மறைக்கப்படாதெனல். பிரயாக்ராஜ் என்னும் பெயர் இம்மூன்றனுள் ஒன்றிலேனும் ஐயமற நிற்கக் கண்டிலோம். அரசாணை எதுவாயினும், நம் ஆராய்ச்சி நூல்கள் ‘அலகாபாத் தூண் கல்வெட்டு’ என்னும் வழக்கினைப் போற்றி, இன்றைய பெயரையும் உடன் குறித்தல் வேண்டும். கல்லில் இழந்த வரிகளை நாம் மீட்க இயலாது. பெயரிலேனும் இழவாதிருத்தல் நம் கையிலுள்ளது.