வேரைப் பிடித்துத் தொங்குதல்

எங்கள் அணியில் டெல் அவீவிலிருந்து ஒருவர் வேலை பார்த்தார். ஒருநாள் அழைப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, அப்போது புதிதாகப் படித்திருந்ததை அவரிடம் அவிழ்த்துவிட்டேன். எபிரேயத்தில் ரொட்டிக்கு லெஹெம், போருக்கு மில்ஹமா. இரண்டிலும் அதே மூன்று மெய்கள்: லாமெத், ஹெத், மேம். ஆக, சோற்றுக்காகத்தான் சண்டை என்று உங்கள் முன்னோர் மொழியிலேயே எழுதிவைத்துவிட்டார்கள், இல்லையா? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரொட்டி வாங்கப் போகும்போது எனக்கு அப்படி எதுவும் தோன்றியதில்லை" என்றார்.

அந்த வெட்கத்தோடுதான் ஜேம்ஸ் பாரின் 'தி செமான்டிக்ஸ் ஆஃப் பிப்ளிகல் லாங்குவேஜ்' நூலை எடுத்தேன். 1961இல் வந்தது. வறண்ட நடை, இரக்கமே இல்லாத வாதம். அவர் கண்டிப்பது என்னைப் போன்றவர்களைத்தான்: ஒரு சொல்லின் வேரைக் கண்டுபிடித்துவிட்டு, அதுவே அதன் 'உண்மையான' பொருள் என்று நம்புகிறவர்களை.

பாரிடம் நன்றாக அடி வாங்குகிறவர் நார்வேக்காரரான தோர்லைஃப் போமன். தாவார் என்றால் சொல். காரியம் என்றும் பொருள் உண்டு. பின்னாலிருந்து முன்னே தள்ளும் அசைவு ஒன்றை அதன் வேரில் கண்ட போமன், எபிரேய மனம் கிரேக்க மனத்திலிருந்து அடிப்படையிலேயே வேறு என்பதற்கு அதையும் ஒரு சான்றாக்கினார். பார் இதை ஏற்கவில்லை. சொல்லின் வரலாறு வேறு, வாக்கியத்தில் அது செய்யும் வேலை வேறு. நம் 'பொருள்' என்ற சொல்லை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அர்த்தம், பண்டம், செல்வம் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. போமன் தமிழ் படித்திருந்தால், தமிழருக்கு அர்த்தமும் பணமும் ஒன்றே என்று ஓர் அத்தியாயம் எழுதியிருப்பார். (சில வீடுகளில் அது உண்மையும்கூட.) படிப்பு என்றாலே படிப்படியாக ஏறுவது என்று பட்டிமன்றத்தில் சொன்னால் கைதட்டு விழும். அகராதியில் போட முடியாது.

ஆனாலும் பாருடன் எனக்கொரு சண்டை உண்டு. எபிரேய வேர் தொல்பொருள் அல்ல, இன்றும் ஓடுகிற இயந்திரம். நினைத்தல், கணித்தல் என்ற பொருளுள்ள ஹஷவ் என்பதிலிருந்துதான் கணினிக்கு மஹ்ஷேவ் என்று பெயர் வைத்தார்கள். பழைய எழுத்தாளர்களே ஒலியோடு விளையாடியிருக்கிறார்கள். எரேமியாவின் முதல் அதிகாரத்தில் தீர்க்கதரிசி பார்ப்பது ஷாகேத், அதாவது வாதுமை. கடவுள் தருகிற பதில் ஷோகேத், விழித்துக் காத்திருக்கிறேன் என்பது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வாதுமைக் கிளை இருக்கிறது. 'தீவிரமாய்' என்ற சொல்லும் இருக்கிறது. நடுவில் ஏன் ஒரு மரம் வந்தது என்பதுதான் தெரியாது. இதெல்லாம் பாருக்குத் தெரியாததல்ல. மறுக்கிற வேகத்தில் இந்த விளையாட்டை ரசிக்க அவர் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

நெஃபெஷ் என்ற சொல்லில் அவர் முழுக்க ஜெயிக்கிறார். தொண்டை, மூச்சு, உயிர், ஆள் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆதியாகமத்தில் யாக்கோபின் குடும்பத்தில் எழுபது நெஃபெஷ் என்று கணக்கு வருகிறது. அங்கே வேரைத் தேடி எழுபது தொண்டைகள் என்று எழுதினால் சிரிப்பார்கள். தலைக்கு நூறு ரூபாய் என்று நாம் வசூலிக்கும்போது யார் தலையைப் பார்க்கிறோம்?

69ஆம் சங்கீதத்திலோ வெள்ளம் நெஃபெஷ் வரை ஏறுகிறது. தமிழில் அது 'ஆத்துமா'. தண்ணீர் எப்படி ஆத்துமா வரை வரும் என்று பள்ளி நாட்களில் குழம்பியிருக்கிறேன். அடுத்த வரிகளில் சேறு வருகிறது, கால் ஊன்ற இடமில்லை, கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோகிறது. மூழ்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆள். அங்கே நெஃபெஷ் கழுத்துதான். ராபர்ட் ஆல்ட்டரும் தன் ஆங்கில மொழிபெயர்ப்பில் கழுத்து என்றே வைத்தார். அக்காடிய மொழியில் இதற்கு உறவான நபிஷ்து என்ற சொல்லுக்கும் தொண்டை என்ற பொருள் உண்டு. ஆனால் தீர்ப்புச் சொல்வது அக்காடியம் அல்ல, பக்கத்து வரியிலிருக்கும் சேறு.

ரிலீஸ் மூன்றாவது முறையாகத் தள்ளிப்போன வாரம், அந்த டெல் அவீவ்காரர் மைக்கை அணைக்க மறந்து எபிரேயத்தில் ஏதோ முணுமுணுத்தார். 'நெஃபெஷ்' மட்டும் என் காதில் விழுந்தது. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் நெஃபெஷ் வரை வந்துவிட்டது, இனி தாங்காது என்று அர்த்தம், எல்லோரும் சொல்வதுதான் என்றார். அங்கே நெஃபெஷ் என்றால் கழுத்தா, ஆத்துமாவா?

"தெரியாது. பில்டு மறுபடி உடைந்துவிட்டது, அதைப் பாருங்கள்" என்றார்.