அட்டையில் அடைபட்ட மேடை

1880களின் அமெரிக்காவில் சிகரெட் வாங்கியவருக்குப் பொட்டலத்தோடு ஒரு நடிகையின் படமும் கிடைத்தது. மெல்லிய காகிதப் பொட்டலம் நசுங்காமல் இருக்கச் செருகிய அட்டையையே ரிச்மண்டின் ஆலன் அண்ட் கின்டர், நியூயார்க்கின் கின்னி, வட கரோலினாவின் டியூக் போன்ற நிறுவனங்கள் விளம்பரமாக்கின. போன்சாக் இயந்திரம் நாளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிகரெட்டுகளைச் சுருட்டித் தள்ளியபோது, அவற்றை விற்றுத் தீர்க்க வழி வேண்டியிருந்தது. வரிசையாக வந்த படங்களைச் சேர்த்து முடிக்கும் ஆவல், அடுத்த பொட்டலத்தையும் வாங்க வைத்தது.

இந்த வழக்கத்தால் விளைந்த நன்மையை மறுக்க முடியாது. நாடக அரங்கின் வாசலையே மிதிக்காத உழைப்பாளியும் லில்லியன் ரஸ்ஸல், சாரா பெர்ன்ஹார்ட் போன்றோரின் முகங்களை அறிந்தார். சிறு வேடங்களில் நடித்துப் பின்னர் மறக்கப்பட்ட பலரின் முகங்களும் இவற்றில்தான் தங்கின. ஜெஃபர்சன் பர்டிக் வாழ்நாளெல்லாம் சேர்த்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் பொருள்கள் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றில் இந்த அட்டைகளும் உண்டு.

ஆனால் அட்டை காப்பாற்றியது முகத்தை மட்டுமே, கலையை அல்ல. பல அட்டைகளில் நடிகையின் பெயரும் சிகரெட்டின் பெயரும் உண்டு. நாடகமோ வேடமோ இல்லை. குரலாலும் நடிப்பாலும் பேர் வாங்கியவர்கூட, இறுக்கமான காலுறை அணிந்த உடலாக ஆண் வாடிக்கையாளர் முன் நிறுத்தப்பட்டார். 1894இல் டியூக் நிறுவனத்தைத் தொடங்கிய வாஷிங்டன் டியூக், இத்தகைய படங்களைக் கைவிடும்படி தம் மகனுக்குக் கடிதம் எழுதினார். இளைஞரின் ஒழுக்கத்தையும் சமயக் கடமையையுமே அவர் முதன்மையாகச் சொன்னார். படத்தில் இருக்கும் பெண்ணின் விருப்பம் என்ன என்ற கேள்வி அதில் எழவில்லை.

அன்றைய சட்டமும் அவள் பக்கம் நிற்கவில்லை. நாடகக் கலைஞர்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற சரோனி தொடுத்த வழக்கில், புகைப்படத்தின் படைப்பாளி அதை எடுத்தவரே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1884இல் தீர்ப்பளித்தது. படத்துக்கு நின்றவருக்கு அந்த உரிமையில் பங்கில்லை. புகைப்படம் நடிகையரின் புகழைப் பெருக்கியது உண்மை. பலர் விரும்பியே கேமரா முன் நின்றனர். அந்த இசைவு, சிகரெட் விற்பனைக்குத் தந்த இசைவாகிவிடாது. விதிவிலக்காக, மேரியன் மனோலா என்ற நடிகை, மேடையில் தம்மைக் கேளாமல் எடுத்த படத்தை வெளியிடக் கூடாதென்று 1890இல் நீதிமன்றம் சென்று தடையாணை பெற்றார். எழுத்து மூலமான இசைவின்றி ஒருவரின் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை நியூயார்க் மாநிலம் தடை செய்தது 1903இல்தான். நடிகைகளின் படம் தாங்கிய இந்த அட்டைகளின் பொற்காலம் அதற்குள் கடந்துவிட்டது.

ஆகவே இவற்றைக் காக்க வேண்டும். ஆனால் நாடக வரலாறாக அப்படியே நம்பக் கூடாது. யார் திறமைசாலி என்பதை இவை காட்டுவதில்லை; எந்தத் தோற்றம் விலைபோனது என்பதையே காட்டுகின்றன. அந்த நடிகை எந்த நாடகத்தில் என்ன வேடம் ஏற்றார் என்பதைப் பழைய நாளிதழ்களிலும் நாடக நிகழ்ச்சித் தாள்களிலும் தேடி, அட்டையின் விவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும். வணிகம் அழித்த அடையாளத்தை அருங்காட்சியகமாவது அவளுக்குத் திருப்பித் தரட்டும்.