பால்திரிபும் பால்வளர்ச்சியும்: 'பேடு' என்னும் இலக்கணச் சொல்லின் எல்லை

தொல்காப்பியமும் நன்னூலும் பேடு குறித்துக் கூறும் விதிகளை, இன்றைய மருத்துவம் விளக்கும் பால்வளர்ச்சி வேறுபாடுகளுக்கான பழந்தமிழ்ச் சான்றாகக் கொள்ளும் வாசிப்பு ஒன்று உண்டு. தமிழுக்குப் பெருமை சேர்க்கும் நோக்குடைய இவ்வாசிப்பு, சொல்லிலக்கணத்தையும் உடலியலையும் ஒன்றாக்கிவிடுகிறது. இரண்டின் எல்லைகளையும் பிரித்தறிவது தேவையாகிறது.

ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறு இல்லை என்பதும், அது உயர்திணை ஈறுகளையே கொள்ளும் என்பதும், ஆண்பால் ஈறு அதற்கு ஏலாது என்பதும் தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் கருத்து. நன்னூலோ அவாவுதலை அளவுகோலாக்குகிறது. பெண்மை விட்டு ஆண்மையை விரும்பும் பேடு ஆண்பால்; ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புவது பெண்பால்; இரண்டும் அஃறிணை போலவும் வரும். இரு நூல்களும் விடை தேடுவது வினைமுடிபு பற்றிய வினாவிற்கே. பிறப்பிலமைந்த உடற்கூறு இவற்றின் பேசுபொருள் அன்று.

'திரிதல்' என்னும் சொல் முன்னரே நிலைபெற்ற ஓர் இயல்பு வடிவத்தைக் கருதிக்கொள்கிறது. கருவியல் அவ்வாறு கருதுவதில்லை. ஏறத்தாழ ஆறாம் வாரம் வரை கருவின் பாலுறுப்பு முதல் இருபாலுக்கும் பொதுவானது. ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணு (1990இல் கண்டறியப்பட்டது) அதனை விந்தகமாக்கும் வழியைத் தொடங்கிவைக்கிறது. அம்மரபணு எக்ஸ் குரோமோசோமுக்கு இடம்பெயர்ந்தால் எக்ஸ்எக்ஸ் குழந்தையும் ஆணுடல் பெறலாம். எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஆண்ட்ரோஜன் ஏற்பி மரபணு முற்றிலும் செயலிழந்தால், விந்தகமும் டெஸ்டோஸ்டிரோனும் இருந்தும் எக்ஸ்ஒய் குழந்தை பெண்ணுடலோடு பிறக்கும். குரோமோசோம், சுரப்பி, ஹார்மோன், புறவுடல் ஆகிய நான்கும் எப்போதும் ஒரே விடையைத் தருவதில்லை.

காரணங்களின் வேறுபாடு குடும்பங்களுக்கும் பொருட்டானது. கீழ்வேளூர் போன்ற காவிரிப் படுகை ஊர்களிலும் அத்தை மகன், தாய்மாமன் மணவுறவு மரபாக இருந்துவந்துள்ளது. ஐந்து-ஆல்பா ரிடக்டேஸ் குறைவு ஒடுங்கு மரபணுவால் நேர்வது. இரத்த உறவு மணத்தில் அதன் வாய்ப்பு கூடும். ஏற்பி மரபணுவின் மாற்றமோ தாய்வழி எக்ஸ் குரோமோசோம் வழியே வருவது. அதற்கு மணவுறவு காரணமாகாது. 'பேடு' என்ற ஒற்றைச் சொல் இவ்வேறுபாட்டை மறைத்துவிடும்.

ஒரே அளவுகோலின் விளைவைப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்திரராசனின் வாழ்வு காட்டுகிறது. 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் அவர் வென்ற வெள்ளிப் பதக்கம், பாலினப் பரிசோதனைக்குப் பின் பறிக்கப்பட்டது. பெண்ணாக வளர்ந்து பெண்ணாக வாழ்ந்த வாழ்வு அங்குக் கணக்கில் கொள்ளப்படவில்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஊடுபால் குழந்தைகளுக்குப் பால்மாற்று அறுவை செய்வதைத் தடுக்கப் பணித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, அதனைத் தடைசெய்து ஆணையிட்டது. உடலை ஒரு பாலுக்குள் உடனே அடக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தை இத்தடை நிறுத்துகிறது.

எனவே 'ஊடுபால்' என்பது பேடு என்பதன் மறுபெயர் அன்று. முன்னது உடலமைப்பைச் சுட்டுவது. நன்னூலின் பேடு விருப்பத்தைச் சுட்டுவது. அஃறிணை முடிபுக்கும் இடமளித்த ஒரு விதியை மனிதவுடலின் விளக்கமாக ஏற்பது, இலக்கணத்திற்கும் நீதி செய்யாது; அவ்வுடலோடு வாழ்வோருக்கும் நீதி செய்யாது.