ஒரு காருக்கு ஒரு வியாதி

சமீபத்தில் படித்ததில் எனக்கு அதிகம் பிடித்த புத்தகமும், அதிகம் எரிச்சல் மூட்டிய புத்தகமும் ஒன்றே. எம்ஜிபி என்கிற பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கான ஹேய்ன்ஸ் ரிப்பேர் மானுவல். என்னிடம் எம்ஜிபி கிடையாது. ஒரு முறைகூட ஓட்டியதில்லை. வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் அதைத் தலைகீழாக்கிச் சிவப்பு பட்டனை அமுக்குவதோடு என் எஞ்சினீயரிங் முடிந்துவிடும். 'அப்புறம் உமக்கு எதுக்குய்யா அந்தப் புஸ்தகம்?' என்பீர்கள். சொல்கிறேன்.

திருச்சியில் எனக்கு ஒரு நண்பர். ரிட்டயர் ஆனவர். இருபது வருஷம் ஒரே அம்பாசடரை வைத்துக்கொண்டு மாரடித்தவர். அவர் பையன் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறான். கம்ப்யூட்டர் உத்தியோகம். சேர்த்த காசில் 1969 மாடல் எம்ஜிபி ஒன்றை வாங்கிவிட்டான். ஏழு வருஷம் ஷெட்டில் நின்ற வண்டி. பச்சை நிறம், கம்பிச் சக்கரம், மேலே துணிக் கூரை. போட்டோவில் ராஜா மாதிரி இருந்தது. ரோட்டில்தான் தகராறு.

இரண்டு கோளாறு. ஒன்று, கிளட்ச்சை முழுசாக மிதித்தாலும் ரிவர்ஸ் கியர் 'கறகற'வென்று கத்திக்கொண்டு விழுகிறது. இரண்டு, ஐடிலில் சமர்த்தாக ஓடுகிற எஞ்சின், சமதள ரோட்டில் நிதானமாகப் போகும்போது திடீரென்று செத்துப்போகிறது. ஒரு ஓரமாக நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினான். 'எஞ்சினை இறக்கி கிளட்ச் மாத்தணும், கார்புரேட்டரைப் பிரிச்சு மேயணும்' என்று ஆயிரத்து சொச்சம் பவுண்டுக்கு எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். பையன் ஆடிப்போய் மானுவலை வாங்கினான். அவன் அனுப்பிய பக்கங்களை நண்பர் எனக்கு ஃபார்வர்டு செய்யப்போய், கடைசியில் நானே முழுப் புத்தகத்தையும் தேடிப் படிக்கும்படி ஆயிற்று.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மானுவல்களை ஆரம்பித்த ஜான் ஹேய்ன்ஸ் 1938-ல் இலங்கையில் பிறந்தவர். அப்பா தேயிலைத் தோட்ட மேனேஜர். விமானப்படை வேலையாக ஏடனில் இருந்தபோது, தவளைக்கண் ஸ்பிரைட் என்று செல்லப்பெயர் பெற்ற ஒரு குட்டிக் காரை நண்பருக்காகப் பிரித்துப் பூட்டினார். கம்பெனி கொடுத்த மானுவல் உதவவில்லை. அது ஏற்கெனவே தெரிந்த மெக்கானிக்குக்காக எழுதினது. தெரியாதவனைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. ஹேய்ன்ஸ் ஒவ்வொரு நட்டைக் கழற்றும்போதும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அதுவே 1966-ல் முதல் மானுவலாக வந்தது. அதற்கப்புறம் எந்தக் காருக்குப் புத்தகம் போட்டாலும் அந்தக் காரை ஒரு தடவை முழுசாகப் பிரித்து, முழுசாகப் பூட்டிப் பார்த்துவிட்டு எழுதுவது என்று வைத்துக்கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள். நம் சமையல் புத்தகங்களில் எத்தனை பேர் அந்த ரசத்தை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள்? ஹேய்ன்ஸ் 2019-ல் காலமானார். 2020-ல் கம்பெனி, இனி புது கார்களுக்கு அச்சில் மானுவல் போடுவதில்லை என்று அறிவித்துவிட்டது. பழைய தலைப்புகள் இன்னும் கிடைக்கின்றன.

மானுவலின் தமிழ்நாட்டுச் சொந்தம் ஒன்றும் உண்டு. எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும், நம் அம்பாசடரில் பல காலம் இருந்த 1489 சிசி எஞ்சினும் பிஎம்சி கம்பெனியின் 'பி சீரிஸ்' என்கிற ஒரே குடும்பம். அண்ணன் தம்பி. ஒருத்தர் துணிக் கூரையைத் திறந்துவிட்டுக்கொண்டு பெண் சிநேகிதியோடு கடற்கரைக்குப் போனார். இன்னொருத்தர் ஒன்பது பேரையும் ஒரு அண்டாவையும் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி எரிச்சல். பிரிப்பதும் பூட்டுவதும் இந்தப் புத்தகத்தில் அபாரம். கண்டுபிடிப்பதில்தான் கோட்டை விடுகிறது. கோளாறுப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அறிகுறி, காரணம், பரிகாரம் என்று மூன்று பத்தி, ஜோசியப் புத்தகம் மாதிரி. 'கியர் கத்துகிறது' என்றால் அதற்கு நேராகக் காரணங்கள் வரிசையாக. எல்லாம் ஒரே தரம், ஒரே எழுத்து. எண்ணெய் குறைந்திருக்கலாம் என்பதும் கிளட்ச் பிளேட் போயிருக்கலாம் என்பதும் அடுத்தடுத்து சமமாக உட்கார்ந்திருக்கின்றன. முதலாவதைப் பார்க்க மூடியைத் திறந்தால் போதும். இரண்டாவதைப் பார்க்க எம்ஜிபியில் எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்கிவிட முடியாது. அபிங்டன் ஃபாக்டரிக்காரர்கள் அப்படிப் பண்ணிவைத்துவிட்டார்கள். ஐந்து லட்சத்துக்கும் மேல் எம்ஜிபிகள் 1962-லிருந்து 1980 வரை வந்தன. அத்தனை வண்டியிலும் ஒரு கிளட்ச் பிளேட்டுக்காக எஞ்சின் ஊஞ்சலாடியாக வேண்டும். அப்படிப்பட்ட காருக்கு எழுதுகிறவர், 'அய்யா, அதற்கு முன்னால் இதையெல்லாம் பார்த்துத் தொலையுங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா?

எதையெல்லாம்? எம்ஜிபியின் கிளட்ச் ஹைட்ராலிக். பெடலை மிதித்தால் மேலே இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் எண்ணெயைத் தள்ளும். அது குழாய் வழியாகக் கீழே போய் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அதிலிருந்து வரும் கம்பி ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் கார்பன் பேரிங்கைக் கொண்டுபோய் கிளட்ச்சில் அழுத்தும். (சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடியே நிற்கிறவர்கள் அந்தக் கார்பனை பென்சில் சீவுகிற மாதிரி சீவிக்கொண்டிருக்கிறார்கள். நியூட்ரல் போட்டுக் காலை எடுங்கள்.) ஆக, காலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே அரை டஜன் தரகர்கள். எங்கே கமிஷன் அடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஒருத்தர் பெடலை மிதிக்க, இன்னொருத்தர் வண்டிக்குக் கீழே படுத்து ஸ்லேவ் சிலிண்டர் கம்பி எத்தனை தூரம் நகர்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தால் பாதி வழக்கு தீர்ந்தது. ஏறக்குறைய அரை அங்குலம் நகர வேண்டும். நகர்ந்தும் கியர் கத்தினால்தான் குற்றம் உள்ளே; ஏழு வருஷம் நின்ற வண்டியில் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். நகரவில்லை என்றால் குற்றம் வெளியே. எஞ்சினைத் தொடாதீர்கள்.

பையன் மனைவியை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழே படுத்தான். கால் அங்குலம்தான் நகர்ந்தது. எண்ணெய் ஒழுக்கு இல்லை. காற்றை வெளியேற்றிப் பார்த்தான். கொஞ்சம் முன்னேற்றம், போதவில்லை. கடைசியில் பெடல் பெட்டியின் மூடியைக் கழற்றினால், பெடலையும் மாஸ்டர் சிலிண்டர் கம்பியையும் இணைக்கிற விரல் நீளப் பின் ஒன்று நடுவில் தேய்ந்து இடுப்பு வைத்திருந்தது. அது போகிற துவாரம் வட்டமாக இருக்க வேண்டியது, முட்டை வடிவம். மிதிக்கிற மிதியில் முதல் பகுதி முழுக்க அந்த முட்டைக்குள்ளேயே காலி. பின்னின் விலை ஒரு காப்பிக்கு ஆகாது. துவாரத்தை அடைத்துத் திரும்பத் துளை போட்டுக்கொடுக்க ஒரு வெல்டர் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். மானுவலில் அந்தப் பின் படத்தில் இருக்கிறது. நம்பர் போட்டு, அழகாக. சந்தேக கேஸாக மட்டும் யாரும் அதை விசாரிக்கவில்லை.

இக்னிஷன் கதை இதைவிட சுவாரசியம். இந்தக் கார்களின் மின்சாமான்கள் லூகாஸ் கம்பெனி செய்தவை. 1961-ல் சென்னை பாடியில் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து தொழிற்சாலை போட்ட அதே லூகாஸ். இங்கிலாந்தில் இந்தக் கம்பெனியைப் பற்றி ஜோக்குகள் ஏராளம். 'இருட்டின் இளவரசன்' என்று பட்டமே கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. ஐம்பது வருஷம் மழையில் நனைந்த ஒயரையும், பச்சை பூத்த இணைப்பையும், துருவின் மேல் முடுக்கிய எர்த்தையும் விட்டுவிட்டு பெயிண்ட் அடித்த டப்பாவைத் திட்டுவது சுலபம். எனக்குத் தெரிந்து அந்த ஜோக்கைச் சொன்ன யாரும் கையில் உப்புத்தாளோடு எர்த் முனையைச் சுரண்டியவர்களாகத் தெரியவில்லை.

டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் நடப்பது இதுதான். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் 12 வோல்ட் கரண்ட் ஓடுகிறது. 0.015 அங்குலம் திறந்த கணத்தில் அது அறுந்து, காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கிளம்பி, ரோட்டார் வழியாக 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குக்குப் போகிறது. ஆக, இரண்டு ராஜ்ஜியம்: சின்ன வோல்ட், பெரிய வோல்ட். கோளாறு எந்த ராஜ்ஜியத்தில் என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு எம்ஜிபியில் கடவுளே ஒரு ஒற்றனை வைத்திருக்கிறார்: டேஷ்போர்டில் ஆர்பிஎம் மீட்டர். அது சின்ன வோல்ட்டைப் பார்த்து ஓடுவது. வண்டி கியரிலேயே உருண்டுகொண்டிருக்கும்போது, அதாவது எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, முள் மட்டும் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தால் சின்ன வோல்ட்தான் அறுந்தது. பெட்ரோல், கார்புரேட்டர், பிளக் எல்லாரும் நிரபராதிகள். இந்த ஒரு வரிக்காக நான் அந்தப் பட்டியலை மேலும் கீழும் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

பையனிடம் நண்பர் போனில் கேட்ட கேள்வி எனக்கு மறக்காது. 'டேய், மேட்டுல நிக்குதா, சமதளத்துல நிக்குதா?'

'சமதளத்துலதான்ப்பா. ஃபுல்லா மிதிச்சா ஓடுது. லேசா மிதிச்சா செத்துடுது.'

'அப்ப கார்புரேட்டர்ல கை வைக்காதே. வாக்குவம் ட்யூபை எடுத்து வாயில வச்சு உறிஞ்சு.'

பையனுக்குத் தன் தகப்பனாரின் மனநலம் பற்றிக் கவலை வந்திருக்க வேண்டும். ஆனால் விஷயம் இருக்கிறது. டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு சும்மா இருப்பதில்லை. லேசான ஆக்ஸிலரேட்டரில் கார்புரேட்டரிலிருந்து வரும் உறிஞ்சல் அதைக் கொஞ்சம் திருப்பி, பற்றவைப்பை முன்னுக்குத் தள்ளும். ஐடிலில் உறிஞ்சல் இல்லை. முழுசாக மிதித்தாலும் அநேகமாக இல்லை. சமதளத்தில்தான் தட்டு திரும்பும். தட்டு திரும்பினால் அதோடு சேர்ந்து ஒரு சின்ன ஒயரும் வளையும். ஐம்பது வருஷம் வளைந்த ஒயர்.

எஞ்சினை ஐடிலில் விட்டுப் பையன் உறிஞ்சினான். வாயெல்லாம் பெட்ரோல் வாசனை. எஞ்சின் நின்றது. மூடியைத் திறந்து ஒயரை நெருடினால், மேல் தோல் முழுசாக இருக்கிறது, உள்ளே தாமிர இழைகள் அறுந்து இரண்டாகக் கிடக்கின்றன. விட்டால் முத்தமிடும், இழுத்தால் பிரியும்.

புது ஒயர் போட்டான். மூன்று நாள் பிரமாதம். நாலாம் நாள் மறுபடி தகராறு. இப்போது வேறு தினுசு: சூடானதும் விக்கல், புகைபோக்கியில் பட்டாசு. இங்கேதான் மானுவல் மேல் என் முக்கியமான குற்றச்சாட்டு. அந்தப் புத்தகத்தில் ஒரு காருக்கு ஒரு வியாதிதான். பரிகாரம் என்பது 'புதுசு போடு'. போட்டால் குணம். எழுதின காலத்தில் அது நியாயம். ஆனால் பையன் ஏற்கெனவே அந்தப் பரிகாரத்தைச் செய்திருந்தான். முதல் வாரமே பாயிண்ட், கண்டென்ஸர், ரோட்டார் எல்லாம் அடங்கிய மலிவு செட் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான். அந்தப் புதுக் கண்டென்ஸர்தான் இப்போது சூட்டில் மண்டையைப் போட்டது. பாயிண்ட்டில் நீலப் பொறி பறந்து முனை கருகியிருந்தது. பழைய கார்க்காரர்கள் இன்றைக்கு அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான்: புதிதாக வரும் மலிவுக் கண்டென்ஸரும், ரிவெட் வழியாகப் பொறி கசிகிற ரோட்டாரும். கார் மாறவில்லை, கோளாறும் மாறவில்லை. பெட்டியில் வருகிற சாமான் மாறிவிட்டது. மானுவலின் அத்தனை பரிகாரங்களும் 'புதியது நல்லது' என்ற ஒரே அஸ்திவாரத்தில் நிற்கின்றன. அது ஆட்டம் கண்ட பிறகு இரண்டு கோளாறு ஒன்றோடொன்று கைகோத்து வரும்போது என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை.

நண்பரின் யோசனைப்படி குப்பைக்கூடையில் போடாமல் வைத்திருந்த பழைய கண்டென்ஸரை எடுத்து மாட்டினான். ஓடியது. நம் ஊர் மெக்கானிக்குகள் கழற்றின சாமானை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். அவர்கள் தலையில் ஒரு மானுவல் இருக்கிறது. பிரிவினையில் அது ஹேய்ன்ஸிடம் தோற்கும், விசாரணையில் ஜெயிக்கும். ஆனால் அம்பாசடர் 2014-ல் நின்றுவிட்டது. அதைக் காதால் கேட்டே சொன்னவர்கள் ஒவ்வொருவராகக் கடையை மூடுகிறார்கள். அவர்கள் தலையில் இருந்ததை யாரும் கேமராவோடு பக்கத்தில் நின்று நட்டு நட்டாகப் போட்டோ எடுத்து வைத்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு ஹேய்ன்ஸ் இங்கே கிடைத்திருந்தால், அவர் புத்தகத்தில் நான் இத்தனை நேரம் தேடிய பக்கங்கள் இருந்திருக்கும்.

எம்ஜிபி வாங்கப் போகிறவர்கள் மானுவலைக் கட்டாயம் வாங்குங்கள். கிரீஸ் பட்டால் துடைக்கலாம். கோளாறுப் பட்டியல் வரும் பக்கத்தின் ஓரத்தில் ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே, அதைப் பார்த்துத் தீர்க்க எத்தனை நிமிஷம், எத்தனை காசு என்று பென்சிலால் எழுதிக்கொண்டு, மலிவானதிலிருந்து ஆரம்பியுங்கள். லெஸ்டர் பையன் அப்படித்தான் எழுதியிருக்கிறான். பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினான். பெடல் பின்னுக்கு எதிரே '20 நிமிடம், அப்பா' என்று இருந்தது.

ரிவர்ஸ் இப்போது சத்தமில்லாமல் விழுகிறதாம். வைப்பர்தான் நடுவில் நின்றுவிடுகிறது. எர்த்தைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் நண்பர்.