தமிழ்நாடு அரசு இலச்சினை: எந்தக் கோபுரம்?

தமிழ்நாடு அரசின் இலச்சினை 1949ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்திற்காக உருவாக்கப்பட்டதாகும். வரைந்தவர் மதுரையைச் சேர்ந்த ஓவியர் ஆர். கிருஷ்ணாராவ். கோபுரத்தின் முன் அசோகரின் சிங்கத் தலைத்தூண், இருபுறமும் தேசியக் கொடி, கீழே 'வாய்மையே வெல்லும்' என்ற தொடர் என்பது இதன் அமைப்பு.

இதில் உள்ளது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றே பொது அறிவு நூல்கள் பலவும் எழுதுகின்றன; மாணவர்களும் அப்படியே மனப்பாடம் செய்கின்றனர். ஆனால் மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலக்கோபுரத்தைப் பார்த்தே வரைந்ததாகக் கிருஷ்ணாராவ் கூறியுள்ளார். வரைந்தவரின் வாக்குமூலத்தை விடப் பெரிய சான்று எது?

திருவில்லிபுத்தூர்த் தரப்பினர் ஒரு நியாயம் சொல்வதுண்டு. அங்குள்ள பதினொரு நிலைக் கோபுரத்தில் மதுரையைப் போலச் சுதைச் சிற்பங்கள் நெருக்கமாக இல்லை; இலச்சினையிலும் இல்லை. இந்த வாதம் நிற்காது. கடிதத் தாளின் தலைப்பிலும் ரப்பர் முத்திரையிலும் பதிய வேண்டிய சிறு படத்தில் நூற்றுக்கணக்கான சிற்பங்களை யார் வரைவார்கள்? எந்தக் கோபுரத்தை எடுத்தாலும் கோடுகளாகச் சுருக்கித்தான் ஆக வேண்டும். (எழுமலைப் பக்கத்து மக்கள் இரண்டு ஊருக்கும் போய்வருபவர்கள்; எங்களுக்கு இதில் கட்சி இல்லை.)

செருமானிய நகரங்களின் சின்னங்களில் இந்தக் குழப்பம் குறைவு. மியூனிக் நகரச் சின்னத்தில் துறவி நிற்கிறார். அந்நகரின் பெயரே துறவியரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பெயரும் படமும் ஒன்றையொன்று விளக்கிவிடுகின்றன. நம் இலச்சினையில் ஊர்ப்பெயர் ஏதுமில்லை. அது குறையன்று என்பதே என் கருத்து. ஒரு கோயிலுக்குரியதாகத் தோன்றாததால்தான் அது மாநிலம் முழுமைக்கும் பொதுவாக நிற்க முடிகிறது.

அதிகம் பேசப்படாத வேறொரு கேள்வி உண்டு. 1949இல் சென்னை மாகாணத்தில் ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் தென் கன்னடமும் இருந்தன. மலபார்க் கோயில்களில் இப்படி உயர்ந்த கோபுரங்கள் வழக்கமில்லை. அப்பகுதி மக்களுக்கு இந்தப் படம் எவ்வளவு தூரம் சொந்தமாக இருந்திருக்கும்? 1953இல் ஆந்திரமும் 1956இல் மலபாரும் தென் கன்னடமும் பிரிந்த பிறகே இலச்சினை தன் நிலத்தோடு பொருந்தியது. 1969இல் மாநிலத்தின் பெயரும் 'தமிழ்நாடு' ஆயிற்று.