சுண்டச் சுண்ட

விசேஷ வீட்டில் முதல் பந்திக்கு முண்டியடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். அந்த வீட்டின் ஆகச் சிறந்த சாப்பாடு அன்றைக்கு இலையில் விழுவதில்லை. பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, வந்த உறவெல்லாம் பஸ் ஏறிய பிறகு, அடுப்படியில் ஒரு மண்சட்டியில் அது கிடக்கும்.

திருநெல்வேலிப் பக்கம் அதற்குச் சுண்டக்கறி என்று பேர். இன்னும் தெற்கே போனால் பழங்கறி. பிராமண வீடுகளில் பொங்கல் கழிந்த கையோடு வைக்கிற எரிச்ச குழம்பும் இதே வம்சம்தான். மிஞ்சிய சாம்பார், புளிக்குழம்பு, அவியல், கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் சேர்த்துச் சிறுதீயில் சுண்ட வைப்பது. எழுதினால் ஒரு வரி. கைக்கு வரப் பத்து வருஷம் ஆகும்.

எல்லாவற்றையும் என்று சொன்னேனே, அங்கேதான் முதல் வித்தை. எங்கள் ஆச்சி சட்டிக்குள் எதை விடுகிறாள் என்பதைவிட எதை விடமாட்டாள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். மோர்க்குழம்பும் தயிர்ப்பச்சடியும் திரிந்துவிடும், கிட்டேயே வரக்கூடாது. பாகற்காய் போனால் அதன் ராஜ்ஜியம்தான். பீட்ரூட் பொரியலைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. ஒரு கரண்டி விழுந்தாலும் சட்டி முழுக்கச் சிவந்துவிடும். சொதிக்கும் இடமில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் இஞ்சிப் பச்சடியோடு வருகிற ராணி அது. தேங்காய்ப்பால் மறுகொதி தாங்காது. மிஞ்சிய சொதியை வெந்நீருக்குள் பாத்திரத்தோடு இறக்கி வைத்து, சூடு ஏறியதும் ராத்திரியே ஆப்பத்துக்கோ இடியாப்பத்துக்கோ ஊற்றித் தீர்த்துவிட வேண்டும். மாங்காய்ப் பச்சடியில் மட்டும் ஒரு கரண்டி எடுத்து ரகசியமாகச் சேர்ப்பாள். அதிலுள்ள வெல்லம் புளியின் முனையை மழுக்கும்.

புளிக்குழம்பு முதலில் கொதிக்கும். அதன்மேல் சாம்பார். காய்கள் பிறகு. இறங்கிய பின் ஒவ்வொரு காயும் ஒவ்வொரு வேலை செய்யும். கத்தரிக்காயும் தடியங்காயும் கரைந்து காணாமல் போய்ச் சட்டியைக் கெட்டியாக்கும். முருங்கைக்காய் சதையை விட்டுவிட்டு வெறும் நாராக மிதக்கும். பொறுக்கி எறிய வேண்டியதுதான். சேனையும் வாழைக்காயும் முனை மழுங்கி நிற்கும், உள்ளே வரை புளி ஏறியிருக்கும். சீனியவரைக்காய் கடைசிவரை விட்டுக்கொடுக்காது. அந்த மெல்லுகிற சுகத்துக்காகவே அதைத் தேடித் தின்கிறவர்கள் எங்கள் குடும்பத்தில் மூன்று பேர்.

தண்ணீர் ஊற்றக்கூடாது. உப்பும் போடக்கூடாது, நீர் வற்ற வற்ற இருக்கிற உப்பே கூடிக்கொண்டு வரும். சாம்பாரிலேயே உப்பு கரித்திருந்தால் சுண்டக்கறி கைவிட்டுப் போனது என்று அர்த்தம். பெரிய உருளைக்கிழங்கு இரண்டை அவித்துப் பிசைந்து போட்டு ஓரளவு சமாளிக்கலாம். ஆச்சி அதை ஒத்துக்கொள்ள மாட்டாள், நான் ஒத்துக்கொள்வேன்.

இந்தக் கறியின் உச்சம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரியும். முதல் முக்கால் மணி நேரம் அது குதுகுதுவென்று கொதிக்கிற குழம்பு. பிறகு சத்தம் தடித்து, குமிழி உடைகிற இடைவெளி நீளும். திடீரென்று ஒரு கட்டத்தில் கொதிக்கிற சத்தம் நின்று பொரிகிற சத்தம் ஆரம்பிக்கும். நீர் போய்விட்டது, அவியலின் தேங்காய் தன் எண்ணெயை விட்டு அந்த எண்ணெயிலேயே வறுபடுகிறது. புளியும் பருப்பும் தேங்காயும் சேர்ந்து கருகுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் நிற்கிற அந்த வாசனைக்குத் தமிழில் தனிப்பேர் இல்லாதது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல். “ஏல, சட்டிய எட்டிப் பாக்காத. சத்தத்தக் கேளு” என்பாள் ஆச்சி. அந்த நேரத்தில் ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, அடியிலிருந்து புரட்டி இறக்குவாள்.

ஒருமுறை விசேஷம் எதுவும் இல்லாத சனிக்கிழமையில் வீட்டில் இதைச் செய்து பார்த்தோம். காலையில் சாம்பார், அவியல், புளிக்குழம்பு, இரண்டு பொரியல் எல்லாம் புதிதாக வைத்து, மாலையில் ஒன்றாகக் கொட்டிச் சுண்ட வைத்தோம். நல்ல குழம்புதான், குறை சொல்ல முடியாது. ஆனால் சுண்டக்கறி வரவில்லை. நாலு பேருக்குச் சமைத்த சாம்பாரும் நானூறு பேருக்கு அண்டாவில் கொதித்த சாம்பாரும் ஒன்றில்லை. எட்டுப் பத்துக் காயும் நாலைந்து மசாலாவும் தனித்தனியே முழுமையாக வெந்து, இலையில் தன் வேலையை முடித்துவிட்டு வந்து சந்திக்கிற கூட்டம் அது. அதைத் திட்டமிட்டுக் கூட்ட முடியவில்லை.

வடைகறியின் கதை வேறு. மிஞ்சிய மசால்வடையை உதிர்த்துக் குழம்பில் போட்ட வீட்டுச் சிக்கனம் சைதாப்பேட்டையில் பேர் வாங்கியது. இன்றைக்கு அதற்காகவே கடலைப்பருப்பை அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்க்கிறார்கள். மிச்சமே இல்லாத மிச்சம். நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும், எண்ணெயில் பொரிந்த வடையின் மொறுமொறுப்பு குழம்பை உறிஞ்சும்போது வருகிற அந்த லேசான முரட்டுத்தனம் அதில் இல்லை.

வேலைநாள் ராத்திரி ஏழரைக்கு வீடு வந்து சேர்கிறவர்களுக்கு இன்னும் சில சங்கதிகள். விசேஷத்து இட்லி மிஞ்சினால் அன்றைக்கே உதிர்க்காதீர்கள், களியாகிவிடும். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் கிடந்தால் மாவுச்சத்து இறுகி, மறுநாள் விரல் பட்டதும் பூவாக உதிரும். கடுகு, உளுந்து, பச்சைமிளகாய், பெருங்காயம் தாளித்துப் புரட்டினால் பத்தே நிமிஷத்தில் இட்லி உப்புமா. உளுந்துவடையை நேரே தயிரில் போட்டால் கல்லாகவே கிடக்கும். வெந்நீரில் ஊறவைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பிழிந்து பிறகு போட வேண்டும். பிரியாணியை வாணலியில் கிளறினால் சோறு உடையும். இட்லிக் கொப்பரையில் ஆவி காட்டினால் போதும். சுக்கா மிஞ்சினால் பொடியாகப் பிய்த்து, தோசையின்மேல் முட்டை ஊற்றித் தூவி, திருப்பிப் போட்டு எடுக்கலாம். மதுரைக் கறிதோசைக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த ரசனையில் மூக்கை நம்பக் கூடாது. ஆறிய சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விடுகிற நஞ்சு வாசனையும் காட்டாது, மறுபடி சுடவைத்தாலும் அழியாது. சமைத்தது இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கெடு. நம் ஊர்ச் சித்திரைக்கு அது எல்லா நாளும் என்று பொருள். மண்டபத்தில் காலையில் இறக்கி, நாலு மணிவரை மூடிக்கிடந்த சோற்றையும் அவியலையும் சமையல்காரர் பாசத்தோடு டப்பாவில் அடைத்துக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி, வீட்டுக்கு வந்து கொட்டிவிடுங்கள். நான் ஒருமுறை கொட்டாமல் இருந்து இரண்டு நாள் படுத்திருக்கிறேன்.

ஆச்சிக்கு பாக்டீரியா தெரியாது, ஃப்ரிட்ஜும் கிடையாது. ஆனால் கடைசிப் பந்தி உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் சூட்டோடு கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, புழக்கடை அடுப்பில் சட்டியை ஏற்றிவிடுவாள். மிச்சம் விழட்டும் என்று அவள் காத்திருந்ததே இல்லை. ராத்திரி ஒரு கொதி, விடிகாலையில் ஒரு கொதி, மறுநாள் சாயங்காலம் ஒரு கொதி. அந்தந்த வேளைக்கு வேண்டியதை எடுத்துவிட்டு மறுபடி அடுப்பில் ஏற்றுவாள். ஒவ்வொரு கொதிக்கும் நிறம் ஒரு படி இருளும். நான் இப்போது முதல் சுண்டலோடு நிறுத்தி, சின்ன டப்பாக்களில் பிரித்து உறைய வைக்கிறேன். புதன்கிழமை ராத்திரி தோசைக்கல் காய்வதற்குள் அதில் ஒன்று இளகிச் சூடாகிவிடும். சௌகரியம்தான். இரண்டாம் நாள் சாயங்கால நிறம் மட்டும் அதற்கு வருவதில்லை.

மூன்றாம் கொதியும் முடிந்தால் சட்டியில் கறி இருக்காது. பக்கத்தோடு ஒட்டிய கறுப்புப் பொருக்கு மட்டும்தான். அதற்குள் சுடுசோற்றைக் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு, ஆச்சி கையாலேயே சுற்றித் தேய்த்துப் பிசைவாள். பேரப்பிள்ளைகள் வட்டமாக உட்காருவோம். தட்டு கிடையாது, கையை நீட்ட வேண்டும். நெல்லிக்காய் அளவு உருண்டை ஆளுக்கு ஒன்று. ஒரு சுற்று முடிந்து இரண்டாவது சுற்று யாரிடம் தீர்ந்துபோகும் என்பதில் எங்களுக்குள் எப்போதும் சண்டை.